கழிவுநீருக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நகராட்சியை ஒட்டிய கிராமத்துக்குப் போயிருந்தேன். நகரத்துச் சாக்கடை ஒரு ஓடையாக அந்த ஊர் வழியாகப் போகிறது. ஓடைக்கரையில் ஒரு பெரியவர், மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரை இறைத்து அரைக் காணியில் கீரை போட்டிருந்தார். வெறுங்காலோடு வாய்க்காலில் நின்று மடை மாற்றிக் கொண்டிருந்தார். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் கண்ணைப் பறிக்கிற பச்சை. யூரியா போட்டீர்களா என்று கேட்டேன். "ஒரு கைப்பிடி கூடப் போடலீங்க, எல்லாம் இந்தத் தண்ணிதான்" என்றார்.

எனக்கு அப்போது தெரிந்த ஒரே புத்திமதி, "பெரியவரே, இந்தத் தண்ணீரை விடாதீங்க, வியாதி வரும்" என்பதுதான். அதைச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரிங்க ஐயா. விடலே. வேற தண்ணி எங்கே இருக்குன்னு நீங்க காட்டுங்க" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கிணறு வற்றியவரிடம் தண்ணீரை விடாதே என்று சொல்வது சுலபம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான், கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் நடந்துள்ள ஆராய்ச்சிகளைக் கொஞ்சம் படித்தேன். அதில் நமக்கு உபயோகப்படுகிற விஷயங்களை இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சாக்கடையில் என்ன இருக்கிறது?

நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. முதலில் நல்லதைப் பார்ப்போம். வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். இது ரொம்பக் கொஞ்சம் என்று தோன்றும். ஆனால் ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் 8 கிலோ தழைச்சத்து போகிறது. அதாவது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 17 கிலோ யூரியா சும்மா போட்ட மாதிரி. பெரியவர் கீரையின் பச்சைக்கு இதுதான் காரணம். இதே தண்ணீரை நெல்லுக்கு விட்டு, வழக்கமான யூரியாவையும் போட்டால் பயிர் கொழுத்துச் சாய்ந்துவிடும்.

இனி கெட்டது. பேதி, காமாலை, டைபாய்டு கிருமிகள் ஒரு பக்கம். உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இன்னொரு பக்கம். உருண்டைப்புழு முட்டை ஈர மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். கொக்கிப்புழுவோ முட்டையிலிருந்து வெளிவந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். வீட்டில் பெண்களுக்குச் சோகை, பிள்ளைகள் வளராமல் இருப்பது இவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர் வெறுங்காலோடு மடை மாற்றினாரே, நினைவிருக்கட்டும்.

அழுக்கைத் தின்னும் கிருமி

கழிவுநீரைச் சுத்தம் செய்வது யார்? யந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள். அவை அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிடப் பிராணவாயு வேண்டும். பிராணவாயு இல்லாத இடத்தில் வேறு வகைக் கிருமிகள் பெருகி, அழுகல் நாற்றம் கிளம்பும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் 1914-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முழுக்கத் தெளிய 5 வாரம் பிடித்தது. அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிடாமல், அதன் மேலேயே புதுச் சாக்கடை நீரை ஊற்றி மறுபடி காற்று ஊதினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, கடைசியில் 24 மணி நேரத்துக்குள் தெளிந்தது! பாலுக்கு உறைமோர் ஊற்றுகிற மாதிரிதான் இது. வண்டலில் இருக்கிற கிருமிகளே உறைமோர். உலகத்துப் பெரிய நகரங்களில் இன்றைக்கும் பெரும்பாலும் நடப்பது இந்த முறைதான்.

நம் பக்கத்து ஆராய்ச்சியும் இதில் உண்டு. 1940-களில் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் வி. சுப்ரமணியன், எஸ். சி. பிள்ளை ஆகியோர், வண்டலில் உள்ள நுண்ணிய பிராணிகளும் தண்ணீரைத் தெளிய வைப்பதில் பங்கு கொள்கின்றன என்று எடுத்துக் காட்டினார்கள். வயலில் ஆடு மேய்வது போல இந்த நுண்பிராணிகள் கிருமிகளை மேய்ந்து தீர்க்கின்றன.

இந்த முறையில் ஒரு சங்கடம். ராத்திரி பகலாகக் காற்று ஊத மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும், ரிப்பேர் வந்தால் உடனே பார்க்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்துக்கு அது கட்டுப்படியாகுமா? மின்சாரம் இல்லாமல் கிருமிக்குக் காற்று கொடுக்க வழி உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி.

சம்புப் படுகை

ஏரியோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும், பழுப்பு நிறத்தில் கதிர் நீட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்குமே சம்பு, அது உங்களுக்குத் தெரியும். அதன் தண்டைக் கிள்ளிப் பார்த்தால் பஞ்சு மாதிரி காற்றறைகள் தெரியும். அந்த வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போகிறது. இந்த மாதிரிச் செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்று 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மையார் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் புதுடெல்லியில் பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அங்கே 2012-இல் ஒரு சம்புப் படுகையை அமைத்தார்கள். சரளைக்கல் நிரப்பி, சம்பு நட்டு, பக்கத்துக் குடியிருப்புச் சாக்கடையை அதன் வழியாக விட்டார்கள். நாலு ஏக்கருக்கும் குறைவான இடம். நாள் ஒன்றுக்கு 22 லட்சம் லிட்டர் சுத்தம் செய்து, 132 ஹெக்டேர் நிலத்துக்குப் பாய்ச்சும்படி திட்டமிட்டார்கள். மருந்து எதுவும் கலப்பதில்லை.

படுகைக்கும் ஓய்வு வேண்டும்

சரி, செடியை நட்டுவிட்டால் போதுமா? ஆரம்பத்தில் விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது, சம்பு வேர் கசியவிடுகிற பிராணவாயு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. எப்போதும் தண்ணீர் தேங்கியே நிற்கும் படுகையில் கிருமிகள் மூச்சுக்குத் திணறுகின்றன. நாள்பட நாள்பட வழவழப்பு படிந்து சரளை அடைத்தும் போகிறது.

இதற்கு அவர்கள் கண்ட வழியைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் தாத்தா காலத்திலிருந்து வயலில் செய்கிற வேலைதான்: காய்ச்சலும் பாய்ச்சலும்!

பிரான்சு நாட்டுக் கிராமங்களில் இந்த முறையில் ஆயிரக்கணக்கான படுகைகள் இயங்குகின்றன. பக்கத்தில் பக்கத்தில் மூன்று படுகைகள். சாக்கடைத் தண்ணீரை ஒரு படுகையின் மேலே பரவ விடுகிறார்கள். அது சரளை வழியாக வடிந்து அடியில் வெளியேறும். தண்ணீர் வடிய வடிய, அது இருந்த இண்டு இடுக்குகளில் எல்லாம் காற்று தானாக உள்ளே புகும். மூன்றரை நாள் ஒரு படுகையில் பாய்ச்சல். அப்புறம் மடையை அடுத்த படுகைக்கு மாற்றிவிட்டு, முதல் படுகைக்கு 7 நாள் காய்ச்சல். அந்த ஏழு நாளில் வழவழப்பு காய்ந்து சுருங்கி, அடைப்பு நீங்கிவிடும். மேலே தங்குகிற கசடு வருஷத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் உயரும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அதை வழித்து எடுத்தால் மக்கிய உரமாகக் கிடைக்கும்.

குளிர் தேசத்துக்கு மூன்று படுகை. வெயில் அதிகமான இடங்களில் மூன்றரை நாள் பாய்ச்சல், மூன்றரை நாள் காய்ச்சல் என்று இரண்டே படுகை போதும் என்று பிரான்சின் ஆட்சியில் உள்ள வெப்ப மண்டலத் தீவுகளில் செய்து பார்த்துக் கண்டிருக்கிறார்கள். நம் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் எப்படிச் செய்யலாம்?

ஐந்து பேர் உள்ள வீட்டில் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ நாள் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் செலவாகும். இன்றைக்கு இது தெருவில் ஓடிக் கொசுவை வளர்க்கிறது. இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு சொல்கிறேன். கக்கூஸ் தண்ணீரை இதில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனிக் குழி வேண்டும்.

முதலில் ஒரு வண்டல் தொட்டி. இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நுரை எல்லாம் இதில் தங்கிவிடும். இதற்குக் கட்டாயம் மூடி வேண்டும். மாதம் ஒரு தடவை கசடை வாரி எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள்.

அடுத்து, சற்று மேடான இடத்தில் இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். செங்கல் வைத்துப் பூசலாம், அல்லது தடித்த பாலிதீன் தாளை விரிக்கலாம். அடியில் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து வெளியே விடுங்கள். குழாயைச் சுற்றி அரை அடிக்குப் பெரிய கல். அதன் மேல் அரை அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி. அதற்கு மேல் ஒரு அடிக்குக் கழுவிய பொடிச் சரளை. இதில் சம்பு நடலாம். அது கிடைக்காவிட்டால் கல்வாழை நடலாம், பூவும் பார்க்க அழகாக இருக்கும்.

வண்டல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஒரே இடத்தில் விழாமல், ஓட்டைக் குழாய் வழியாகப் படுகை முழுக்கப் பரவ வேண்டும். திங்கள் காலையில் முதல் தொட்டிக்குத் திறந்தால், வியாழன் சாயங்காலம் இரண்டாவதற்கு மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை மடை மாற்றுவதுதான் வேலை. மறந்தால் படுகை நாறும். நாற்றம் வந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

வடிந்து வருகிற தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். பச்சையாகத் தின்கிற வெள்ளரி, கொத்தமல்லி போன்றவற்றுக்கு வேண்டாம்.

ஊர் முழுவதற்கும் இதே மாதிரி பெரிதாகச் செய்யலாம். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தை 2020-இல் தொடங்கியபோது, கிராமக் கழிவுநீரைச் சுத்தம் செய்வதையும் அதில் சேர்த்தார்கள். கிராம சபைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். ஆனால் ஒன்று, கட்டுவதைப் போலவே மடை மாற்றும் ஆளுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

வயலும் ஒரு சுத்திகரிப்பு நிலையம்

இன்னொரு பெரிய மாற்றமும் நடந்திருக்கிறது. 1989-இல் உலக சுகாதார நிறுவனம், பாசனத்துக்கு வரும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போல அளவு வகுத்தது. ஏழை நாடுகளில் பல நகரங்களால் அந்த அளவை எட்ட முடியவில்லை. 2006-இல் அந்த நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. தண்ணீர் ஆலையைத் தாண்டிய பிறகும், வயலிலும் சந்தையிலும் அடுப்படியிலும் படிப்படியாகக் கிருமியைக் குறைக்கலாமே என்று புதிய வழிமுறைகளைத் தந்தது.

கணக்கைப் பாருங்கள். கடைசிப் பாய்ச்சலுக்கும் அறுப்புக்கும் நடுவே ஒரு நாள் நல்ல வெயில் விட்டால், இலை மேல் உள்ள கிருமியில் பத்தில் ஒன்பது பங்கு வரை செத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசினால், மீதியிலும் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். தண்ணீர் இலையில் படாமல் சொட்டுநீராக வேரில் விட்டால், நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வேகவைத்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் படிகளைச் சேர்த்துச் செய்தால்தான் முழுப் பலன்.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் அக்ரா, குமாசி நகரங்களை ஒட்டிய காய்கறித் தோட்டக்காரர்களோடு ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் செய்து பார்த்தார்கள். அங்கேயும் நம் பெரியவர் மாதிரிதான், சாக்கடை கலந்த ஓடைதான் தண்ணீர். குட்டையில் சில நாள் தண்ணீரைத் தெளிய விட்டு, அடிவண்டலைக் கலக்காமல் மேலாக மொண்டால் புழு முட்டை வெகுவாகக் குறைந்தது. பூவாளியைத் தாழ்த்திப் பிடித்தால், மண் தெறித்து இலையில் ஒட்டுவது குறைந்தது. அறுப்புக்கு முன் தண்ணீரை நிறுத்தினால் கிருமி குறைந்தது. ஆனால் இலை வாடி எடையும் குறைந்தது. அதனால் விவசாயிக்குச் சந்தையில் நஷ்டம். அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

ஒரு எச்சரிக்கை

இவ்வளவு நேரம் நான் சொன்னது வீட்டுச் சாக்கடைக்கு மட்டும். சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை, முலாம் பூசும் பட்டறைத் தண்ணீர் கலந்தால் இந்த வழி செல்லாது. கிருமி அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. சம்புப் படுகைக்குள் உப்புத் தண்ணீர் போனால், மறுபக்கம் உப்புத் தண்ணீர்தான் வரும்.

நொய்யல் ஆற்றில் நடந்தது நமக்கெல்லாம் பாடம். பாசனத்துக்காக 1992-இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தார்கள். சில வருஷங்களில் திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள், அணைத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலைமை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. மண்ணில் ஏறிய உப்பு தீர்ப்பு வந்த அன்றைக்கே இறங்கிவிடாது.

ஆகையால் எந்தக் கழிவுநீரையும் தொடுவதற்கு முன்னால், ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்து திறன் எவ்வளவு என்று பாருங்கள். 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் உப்பைப் பற்றிக் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மறந்துவிடுங்கள். நடுவில் இருந்தால், உப்பைத் தாங்கும் பயிரும் நல்ல வடிகாலும் வேண்டும். தண்ணீருக்கு நிறமோ, ரசாயன நெடியோ இருந்தால் பரிசோதனைக்குக் கூடக் காத்திருக்காமல் மோட்டாரை நிறுத்துங்கள்.

பெரியவருக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் பெரியவரிடம் போனேன். முதலில் தண்ணீரைப் பரிசோதித்தோம். தொழிற்சாலைக் கழிவு கலக்கவில்லை, உப்பு நடுத்தரம். ஓடைக்கரையில் இரண்டு குட்டை வெட்டினார். ஒன்றில் தண்ணீர் தெளியும்போது மற்றதிலிருந்து மேலாக இறைக்கிறார். கீரையை நிறுத்திவிட்டுக் கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்டு, இரண்டு மாடு வாங்கினார். பாய்ச்சிய பிறகு சில நாள் காயவிட்டுத்தான் புல் அறுக்கிறார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்குகிறார். வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் பூச்சி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவி என்னிடம் நேருக்கு நேராகவே சொன்னார். "கீரை வித்தா தினமும் சாயங்காலம் கையிலே காசு இருக்கும்யா. பால் காசு பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் வருது." அது நியாயமான பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே, "போன வருஷம் பேரனுக்கு வயித்துக்குப் பார்த்த செலவு இந்த வருஷம் இல்லே" என்றும் சொன்னார்.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. வேறு தண்ணீரை என்னால் காட்ட முடியவில்லை. இருக்கிற தண்ணீரையே வேறு தண்ணீராக மாற்றுகிற வழியைத்தான் காட்ட முடிந்தது. மண்ணுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்து வெள்ளாமை செய்கிறவர்கள் நீங்கள். கழிவுநீருக்கும் அதே மாதிரி கொஞ்சம் சரளை, கொஞ்சம் வேர், மூன்றரை நாள் காய்ச்சல் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்தே ஆரம்பியுங்கள்.